அலுமாரிப் பிடி பூட்டிய கார்

போன கிழமை தங்கச்சியின் கணவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முன்பக்கம் நசுங்கிய கார். "மச்சான், ஏலத்திலை வருது. எடுத்துத் திருத்துவமோ?" என்றார். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "என்னட்டை இந்தக் கதை கதையாதையுங்கோ" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன பிழை செய்தார்? அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிளிநொச்சியில் நாலு தகரமும் ஒரு வேப்பமரமும் கொண்டு கராஜ் நடத்தினேன். முள்ளிவாய்க்கால் பக்கம் சனம் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் வெட்டவெளியில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றில் கொஞ்சம் பழைய இரும்பாக ஏலத்துக்கு வந்தபோது ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை எடுத்தேன். ரயர் இல்லை, கண்ணாடி இல்லை, கூரையெல்லாம் துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டைகள். மாப்பிள்ளைமார் உழவு மெசினில் ஊர்வலம் போன காலம் அது. இதைத் திருத்திக் கல்யாண ஓட்டம் ஓடினால் நான்தான் ராசா என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

தகர வேலைக்கு மாரிமுத்துவைப் பிடித்தேன். மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறிய குடும்பம். ஓட்டைகளை அடைக்கும் பட்டிப் பசையை அவர் குழைக்கும்போது எழும் காரமான வாசம் இன்றைக்கும் எனக்குத் தலையிடி. அந்த வாசத்துக்குள்தான் சரோசாக்கா வந்து நின்றார்.

உடையார்கட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். காரை ஒருமுறை சுற்றி வந்து, "தம்பி, இது எங்கட கார்" என்றார்.

"ஏலத்திலை எடுத்தனான் அக்கா. பேப்பர் இருக்கு."

"பேப்பர் எங்களிட்டையும் இருந்தது. கடற்கரையிலை எல்லாம் போச்சுது. இந்த றைவர் சீற்றிலை இருந்துதான் என்ரை மனுசன் செத்தவர்."

எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. என் அண்ணனும் அங்கேதான் செத்துப் போனான். நான் யாருடைய வாசலில் போய் நின்றேன்?

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் வந்தார். வேப்பமரத்தடியில் ஒயில் பீப்பாவில் குந்தியிருந்து எங்களையே பார்ப்பார். தேத்தண்ணீர் கொடுத்தால் தொடமாட்டார். சுத்தியல் விழும்போதெல்லாம் "மெல்ல அடியுங்கோ" என்பார். அவர் தலை தெரிந்தாலே நான் கிரைண்டரைப் போட்டுவிடுவேன், நெருப்புப்பொறி அவர் பக்கம் பறக்கிற மாதிரி. அவர் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வார். எழும்பமாட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் எப்படி வெறுத்தேன் தெரியுமா!

ஒரு புதன்கிழமை போகும்போது சொன்னார்: "இடப்பக்கப் பின்கதவைச் சுரண்டிப் பாருங்கோ. உள்பிடி உடைஞ்சு போச்செண்டு இவர் எங்கட அலுமாரியின்ரை பித்தளைப் பிடியைக் கழட்டிப் பூட்டினவர். சனிக்கிழமை விதானையாரோடை வாறன்."

அவர் போனதும் அந்தக் கதவில் இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டினோம். பூ வேலைப்பாட்டோடு ஒரு பித்தளைப் பிடி.

மாரிமுத்து சுரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணே, அந்தம்மா சொன்னது நெசந்தாங்க. ஏதாச்சும் பேசி முடிச்சிருங்க."

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

அன்றைக்கே பிடியைக் கழற்றி, பழைய பித்தளை எடுக்க வந்தவனின் சாக்குக்குள் போட்டேன். திருகாணித் துளைகளைப் பட்டியால் அடைத்தேன். வெள்ளி பின்னேரம் பார்த்தால் அடையாளம் தெரிந்தது. இன்னொரு தரம் பூசினேன். அந்த இடத்துக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய புதுப்பிடி ஒன்றைப் பூட்டினேன்.

சனிக்கிழமை தன் ஊர்க் கிராம அலுவலரான விதானையாரோடு வந்தார். நானே கதவைத் திறந்துவிட்டு, "எங்கை அக்கா உங்கட பிடி?" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு.

சரோசாக்கா குனிந்து, பிடி இருந்த இடத்தைத் தேடாமலே தொட்டார். பட்டி சரியாகக் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. விதானையார் அதைப் பார்த்தார். பிறகு றோட்டைப் பார்த்தார்.

"ஏலத்திலை எடுத்தவன் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்," என்றார் அக்கா. "நீ கள்ளன்."

"போய் வழக்குப் போடுங்கோ!" என்று கத்தினேன். அவர் விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே நீட்டிப் பிடித்தபடி பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். மாரிமுத்து கை கழுவி, சாமான்களைப் பையில் போட்டார். "மிச்சத்தை நீங்களே செஞ்சுக்கங்க" என்றார். பெயின்ற்றை நானே அடித்தேன். அம்மை போட்ட முகம் மாதிரி வந்தது.

அக்காவின் வயிற்றெரிச்சல் பலித்தது என்றால் கதை நன்றாக இருக்கும். பலிக்கவில்லை. நாலு வருடம் கல்யாண ஓட்டம் ஓடியது. ஒரு நாள்கூட நடுவழியில் நிற்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு விற்றேன். அவன் அதைத் துண்டுதுண்டாகக் கழற்றி விற்றுவிட்டான்.

பிறகுதான் உடையார்கட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று கேளாதீர்கள். அக்காவின் வீட்டு வளவு முழுக்கப் பற்றைக்காடு. றோட்டோரம் நெல் காயவிட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சரோசாக்காவோ? அவா கண்ணை மூடி ஒரு வருசமாகுது. நீங்கள் ஆர், சொந்தமோ?"

"இல்லை" என்றேன்.

திரும்பி வரும்போது அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் வாய் திறக்குமுன் போய்விட்டாவே என்று. வாகனங்கள் குவிந்து கிடந்த வெளியில் இப்போது மாடு மேய்கிறது. மாரிமுத்து எங்கே என்று தெரியாது. விதானையாரும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். என்னைக் கள்ளன் என்று சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இல்லை. கிளிநொச்சியில் இப்போது எல்லோரும் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.