நட்சத்திரத்தின் நடுத்துண்டு

உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் கணிதம் படிப்பித்தவன், ராகுகாலம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வசனத்தை என் நண்பரின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் ஒரே கட்டடத்தில் நாங்கள் நான்காம் மாடி, அந்த நண்பர் வீட்டார் முதலாம் மாடி. அவர் ஷிராஸ் நகரத்து ஈரானியர். பள்ளிவாசல் சுவர்களிலும் மண்டபக் கூரைகளிலும் கண்ணாடித் துண்டுகளைக் கோலம்போலப் பதிப்பது அவருடைய பரம்பரைத் தொழில். ஒஸ்லோவில் அவரும் நானும் ஒரு பாடசாலையைக் கூட்டித் துடைத்தோம். வேலை முடிந்ததும், கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளில் அவருக்கு உரிய அறைக்குப் போவோம். மற்றவர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளை வைக்கும் அந்த இடத்தில் அவரிடம் ஒரு மேசையும், மெல்லிய கண்ணாடித் தகடுகளும், ஒரு வாளி சாந்தும் இருந்தன.

அவருடைய மகனும் என் மகளும் பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஒருநாள் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "உன் மகளை எங்களுக்குத் தருவாயா?" என்று கேட்டார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழிதான். நான் அதில் ஆம் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஈரானியர் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கண்ணாடி கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை முதலில் அதில்தான் பார்ப்பான். அதைக் கடையில் வாங்க அவருக்கு மனமில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவருமாகச் செய்தோம். நடுவில் முழுக் கண்ணாடி. சுற்றிலும் அகலமான சட்டம். சட்டத்தின் உச்சியில் பத்து முனை நட்சத்திரம். கவராயம் பிடித்துக் கோடுகளை நான் கீறினேன். அவர் வெட்டினார். பிறகு என்னையும் வெட்டவிட்டார்.

"முழுக் கண்ணாடியில் உனக்கு ஒரு மூக்கு. இதில் நூறு மூக்கு. பாவம், உன் சம்பந்தி நான்!" என்று சொல்லிச் சிரிப்பார்.

நட்சத்திரத்தின் நடுத்துண்டை மட்டும் பதிக்காமல் விட்டார். இரு வீட்டாரும் கூடிச் சம்பந்தம் பேசி முடிக்கும் பேச்சுக்கால் அன்று, எல்லோருக்கும் முன்னால், அதை நான் என் கையால் வைக்கவேண்டும் என்றார்.

அன்று எங்கள் வீட்டில் மனைவியின் தம்பி குடும்பமும், கோயிலில் பழக்கமான இரண்டு குடும்பங்களும் இருந்தன. ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறான் என்று கோயில் வீதியில் கதைப்பார்கள் என்ற பயம் ஒரு கிழமையாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. நண்பரும் மகனும் கண்ணாடியைத் தூக்கிவந்து சுவரோடு சாய்த்தார்கள். நண்பர் நடுத்துண்டைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார்.

மைத்துனர் குனிந்து பார்த்தார். "என்ன அத்தான், முழுசா வாங்க வழியில்லாமல் குப்பையிலை பொறுக்கி ஒட்டியிருக்கினம் போலை?"

சிலர் சிரித்தார்கள். நண்பருக்குத் தமிழ் விளங்காது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். முதலில் தமிழில், பிறகு அவருக்கு விளங்கும்படி நோர்வேஜிய மொழியில். உடைந்த கண்ணாடி எங்கள் வீட்டுக்கு ஆகாது. இந்தச் சம்பந்தமும் சரிவராது.

தேநீர்த் தட்டோடு நின்ற மகள் என்னையே பார்த்தாள். "அப்பா, உங்கடை விரலிலை என்ன காயம்?"

சுட்டுவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முந்தாநாள் இந்தச் சட்டத்துக்கு வெட்டிய கண்ணாடி கீறியது. அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"வேலையிலை வெட்டினது" என்றேன்.

நண்பர் என் கை மறைந்த இடத்தைப் பார்த்தார். நடுத்துண்டைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மகனும் அவரும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மாதமே மகள் வீட்டைவிட்டுப் போனாள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு இருவரும் தொலைவிலுள்ள ஸ்தவாங்கர் நகரத்தில் குடியேறினார்கள். நண்பர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். நிலக்கீழ் அறைக் கதவை இரண்டு தடவை தட்டினேன். உள்ளே வெளிச்சம் இருந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் தடவை நான் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து மாரடைப்பில் அவர் செத்துப்போனார். சவ அடக்கத்துக்கும் நான் போகவில்லை. அங்கே மகள் நிற்பாள் என்று தெரியும்.

அதற்குப் பிறகுதான் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, அந்தக் கண்ணாடி உங்கையோ இருக்கு?"

"ஓம். மாமாதான் சாகிறதுக்கு முந்தி கொண்டுவந்து சுவரிலை கொழுவினவர்."

"அந்த நடுத்துண்டு... நான் வந்து வைச்சுவிடட்டே?"

"அந்த இடத்தை மாமா சாந்து பூசி அடைச்சிட்டார், அப்பா. 'உன்ரை அப்பா வரமாட்டார். இடம் திறந்து கிடந்தால் பக்கத்துத் துண்டுகளும் கழண்டுபோகும்' எண்டு சொன்னவர்."

துண்டு எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"எனக்கு வேலைக்கு நேரமாகுது. வேறை என்னப்பா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன்.