வர்ற ஞாயிறு ஓடும் வண்டி

அந்தத் தெருவில் அவருக்கு ஞாயிறு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அலுவலக வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. "வண்டி எப்ப சார் ஓடும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதினொரு வருடமாக முகம் மாறாமல் "வர்ற ஞாயிறு" என்று பதில் சொல்லிச் சொல்லி வாங்கிய பட்டம் இது. வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். நம்மவரோ தெரு தன் மேல் அக்கறையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

வண்டி என்றால் கடைக்குப் போய் வரும் வண்டி இல்லை. கல்லிலும் சேற்றிலும் மலையிலும் ஏறுவதற்கென்றே செய்த பைக். இருக்கை நெஞ்சு உயரம். முன்சக்கரத்துக்கும் அதன் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பூனை குடித்தனம் நடத்தலாம். ஒரு சுரங்கக் கம்பெனி இருபது வருடம் அடித்து ஓட்டிவிட்டு, இனி இது ஆகாது என்று தலைமுழுகியதை, ஏதோ தத்தெடுக்கிற மாதிரி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அது கல்லையும் பார்க்கவில்லை, சேற்றையும் பார்க்கவில்லை. முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று, வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டிய காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் பின்சக்கரத்தை ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்கு வந்துபோன விருந்தாளி ஒருவர்கூட உடுப்பில் கிரீஸ் படாமல் திரும்பியதில்லை.

அலுவலகத்தில் அவர் பதிவறை எழுத்தர். உள்ளே வந்த கோப்பு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதே பக்தியோடுதான் வண்டியையும் பார்த்துக்கொண்டார். கழற்றுவார், துடைப்பார், நோட்டில் எழுதுவார், மாட்டுவார். மாட்டிய பிறகு ஏதோ ஒரு நட்டு அந்தக் காலத்து அசல் நட்டு இல்லை என்று தெரிந்தால் போச்சு, எல்லாம் மறுபடி தரைக்கு வரும். ஒருமுறை ஒரே ஒரு ரப்பர் வளையத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தார். அது வந்து சேர்ந்தபோது எந்த இடத்துக்கு வாங்கினோம் என்பது மறந்துபோயிருந்தது. நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இத்தனைக்கும் வண்டி பதினொரு வருடத்தில் ஓடியது மொத்தம் முன்னூறு மீட்டர். அதில் பாதி இறக்கம்.

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கு நர்ஸம்மா. பொறுமைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அவளுக்கு அலமாரி போதாது. ஒருநாள் மதியம் பசியோடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது கார்ப்பரேட்டர். வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப என் சாப்பாட்டை எதுல மாட்டுனீங்க?"

நர்ஸம்மா பத்து வருடம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவள். இப்போது மூன்று வருடமாக, மலை மேலே இருக்கும் ஒற்றை அறை நிலையத்துக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வருவதும் அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரி ஜீப் கொண்டுபோய் விடும். அந்த வருட மழை, மலைப்பாதையில் பாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜீப் அடிவாரத்தில் நின்றது. இரண்டு திங்கட்கிழமை ஊசி போடவில்லை. நடந்து போகலாம் என்றால் ஒருவழியே ஐந்து மணி நேரம். மருந்துப் பெட்டியில் ஐஸ் தாங்குவது நாலு மணி நேரம்.

புதன்கிழமை பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது. இந்தத் திங்கட்கிழமையும் மேலே போகாவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு நர்ஸம்மாவைத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவாராம். பாதையைச் சரிசெய்வதைவிட நர்ஸை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய அதிகாரி தேவைப்பட்டிருக்கிறார். தலைநகருக்கு ரயிலில் ஒன்பது மணி நேரம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா வயிற்றை எக்கவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நேராக நின்றாள்.

"மலை ஏறத்தானே இதைச் செஞ்சிருக்காங்க?"

"ஆமா. இதோட சஸ்பென்ஷன் இருக்கு பாரு, அந்தக் காலத்துலயே..."

"திங்கட்கிழமை காலையில ஏறுமா ஏறாதா?"

ஞாயிறு வழக்கமான பதிலுக்காக வாயைத் திறந்தார். பிறகுதான் உறைத்தது, வருகிற ஞாயிறு உண்மையிலேயே திங்கட்கிழமைக்கு முந்தின நாள். மனிதருக்குப் பகீரென்றது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் இல்லாத வீட்டில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தானும் வண்டியும் மட்டும்தான் என்று நினைத்துப் பார்த்தார். வண்டி அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

வியாழனும் வெள்ளியும் லீவு போட்டார். பதிவறை அதைக் கவனிக்கவேயில்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றினார். இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் வாய் திறந்து கிடந்தால் தூசி விழுமே என்று, பழைய நைட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டார். செயினைக் கழுவினார், பிளக்கைச் சுரண்டினார், கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். எல்லாம் நோட்டில் ஏறியது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போல்ட் அசல் இல்லை என்று கண்டுபிடித்து முகம் வாடி உட்கார்ந்தார். நர்ஸம்மா வந்து பார்த்தாள். "அசல் வேணுமா, நான் வேணுமா?" என்றாள். அவர் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வாசல் கேட்டிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி முழு உருவத்தில் வாசலில் நின்றது. லாரி ஓட்டும் மச்சினன், நர்ஸம்மாவின் தம்பி, வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். இந்த வாரம் அவனும் அக்காவுக்காகத் தன் சொந்த பைக்கில் அந்தப் பாதையை முயன்று பார்த்திருந்தான். முதல் மேட்டிலேயே அச்சுவரை புதைந்ததை நாலு பேர் தூக்கி எடுத்தார்கள்.

"மாமா, இன்னைக்கு நிஜமாவே ஞாயித்துக்கிழமை. தப்பிக்க முடியாது."

ஞாயிறு கிக்கரை மிதித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தார். கிக்கர் திருப்பி உதைத்ததில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடினார். மச்சினன் மிதித்தான், சட்டையைக் கழற்றிவிட்டு மிதித்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. டாங்க்கில் பெட்ரோல் தளும்புகிறது, இன்ஜினுக்கு மட்டும் ஒரு சொட்டு போகவில்லை.

தெருவில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருள் ஆலோசனை. இக்னிஷன் காயில் போயிருக்கும் என்றார் ஒருவர், பெட்ரோல் பழசு என்றார் இன்னொருவர். வாழ்நாளில் சைக்கிள்கூட மிதிக்காத எதிர்வீட்டுப் பெரியவர், "டைமிங்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மதியம் மூன்று மணிக்கு ஞாயிறு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டே, "முழுசா இறக்கிப் பாத்துடறேன். ஒரு வாரம்... அடுத்த..." என்று ஆரம்பித்தார்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க மாமா" என்றான் மச்சினன்.

நர்ஸம்மா இப்போது முன்னறைக்குள் போய்த் தரையைப் பார்த்தாள். கறுப்பாகிக் கிடந்த நைட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"எத்தனை துணி வெட்டுனீங்க?"

"இப்ப துணியா முக்கியம்?"

"எத்தனைன்னு கேட்டேன்."

நோட்டு இருக்கிறதே. நம்மவர் எதை எழுதாமல் விட்டார்? வியாழக்கிழமைப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது: துணி, ஆறு.

"இங்க அஞ்சுதான் இருக்கு" என்றாள். "தியேட்டர்ல வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி துணியை எண்ணுவோம். தையல் போடறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சா டாக்டரே ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கணும். ஆறாவது எங்கே?"

ஞாயிறு நோட்டைப் புரட்டினார். 'இன்ஜின் வாயில் துணி அடைத்தேன்' என்று ஒரு வரி இருந்தது. 'எடுத்தேன்' என்ற வரி அந்தப் பக்கத்திலும் இல்லை, அடுத்த பக்கத்திலும் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் நாலு போல்ட்டைக் கழற்றி, கார்ப்பரேட்டரை விலக்கி, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். பூப்போட்ட நைட்டித் துணி வந்துகொண்டே இருந்தது. மச்சினன் தரையில் உருண்டு சிரித்தான். பதினொரு வருட ஞானமும் ஒரு நோட்டும் சேர்ந்து, மூச்சுக்குழலில் துணியை அடைத்துவிட்டு, மூச்சு ஏன் வரவில்லை என்று ஐந்து மணி நேரம் ஆராய்ச்சி செய்திருக்கின்றன.

மாட்டிவிட்டு மிதித்தார். இரண்டாவது மிதியில் வண்டி இரைந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "நான்தான் டைமிங்னு சொன்னேனே" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் மருந்துப் பெட்டியை அடிவாரத்தில் இறக்கியது. ஞாயிறு ஓட்ட, நர்ஸம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வண்டி ஏறத்தான் செய்தது. ஓட்டியவருக்குத்தான் ஏற்ற மனசு வரவில்லை. ஒரு கல்லில் சக்கரம் பட்டு டங் என்றால் நிறுத்தி இறங்கி, அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். செயின் சத்தம் மாறிவிட்டது என்பார். சேறு தெறித்தால், தனக்குத்தான் அடிபட்டது போல "ஐயோ" என்பார். ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர். இன்னும் பதினொன்று பாக்கி. பெட்டிக்குள் ஐஸ் உருகும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

"இறங்குங்க" என்றாள்.

"ஏன்?"

"ரெண்டு பேரை வச்சுக்கிட்டு மேட்டுல திணறுது. நான் ஓட்டிட்டுப் போறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா வண்டியில பால் கேன் கட்டிக்கிட்டு அஞ்சு வருஷம் ஓட்டுனேன். பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேன். நீங்க என்ன வண்டின்னு மட்டும்தான் கேட்டீங்க."

அவர் இறங்கினார். அவள் வண்டியை ஒரு பாறைக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தி, பாறை மேல் ஏறி, இருக்கையில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டச் சொன்னாள். கட்டினார். அவ்வளவுதான், சேற்றை வாரி அவர் முகத்திலேயே இறைத்துவிட்டு வண்டி போயிற்று.

மனிதர் அங்கேயே நின்றார். வளைவு தாண்டி வண்டி மறைந்த பிறகும் சத்தம் கேட்டது. இரண்டாவது கியர். மேடு. முதல் கியர். ஓடையாக இருக்கும், சத்தம் அடங்கி மறுபடி எழுந்தது. பதினொரு வருடமும் காதை இன்ஜினோடு ஒட்டிவைத்துக் கேட்ட சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகத் தொலைவிலிருந்து கேட்டார். சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவரைக் கேட்டால் சொல்ல மாட்டார். சத்தம் முழுதாக நின்றுபோன பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்தார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் வாசலில் வந்து இறங்கினாள். முப்பத்தோரு குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, அதிகாரிக்குப் போன் செய்தாயிற்று. நிலையம் மூடாது, மாற்றலும் இல்லை. ஞாயிறு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீ போயிட்டா நான் செத்தே போயிருப்பேன்" என்றார். தெருவே பார்த்தது, அவருக்குக் கவலையில்லை. சொல்லி முடித்ததும் கண் வண்டிப் பக்கம் போயிற்று. ஒரு பக்க விளக்கு இல்லை. பிரேக் பிடி உடைந்து, யாரோ கம்பியால் கட்டிக் கொடுத்திருந்தார்கள். டாங்க்கில் நீளமாக ஒரு கீறல். உள்ளே ஓடிப்போய் ஸ்பேனர் பெட்டியையும் நோட்டையும் கொண்டுவந்தார்.

"தொடாதீங்க" என்றாள் நர்ஸம்மா.

"கீறல் மட்டுமாவது..."

"இனிமே வாரா வாரம் எனக்கு இது வேணும். நீங்க கழட்டுனா திரும்ப வராது. பிரேக் பிடியை ஒர்க்‌ஷாப்புல நாளைக்கே மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டாங்க."

ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். "அப்ப நான் என்னதான் பண்றது?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"பெட்ரோல் போட்டு வைங்க."