நாலு பக்கமும் கொளுத்தினது நான்தான்

நறுவிலிக்குளத்தில எங்கட வயல். மெசின் நெல்லை வெட்டிப்போட்டுப் போன கையோட அடிக்கட்டையையும் சிந்தின வைக்கலையும் கொளுத்துறது வழமை. அப்பா நானாட்டானுக்கு ட்ரக்டர் சாமான் வாங்கப் போகேக்க சொன்னவர்: காத்துக்கு எதிரா ஒரு பக்கத்தில மட்டும் வை, மெல்லமா ஊர்ந்து வரட்டும்.

எனக்கு ஊர்ந்து வாறதெல்லாம் சரிவராது. கம்பஸில படிக்கிறவன் வேற. சுத்திவர வைச்சா நெருப்பு நடுவில சேர்ந்து சுழலும் எண்டு எங்கயோ வாசிச்சிருந்தன். ஃபோனை வரம்பில நிப்பாட்டி ரெக்கோடிங்கைப் போட்டிட்டு ஓடி ஓடி நாலு பக்கமும் கொளுத்தினன்.

சுழண்டுதுதான். பனை உயரத்துக்கு, திருகித் திருகி, வைக்கலை உறிஞ்சி மேல எறிஞ்சுது. நான் விசிலடிச்சனான், சத்தியமா. அடுத்த நிமிசம் எரியிற வைக்கல், அப்பா சுத்திவர உழுது விட்டிருந்த வெறும் மண்ணையும் தாண்டி, பக்கத்து வயல் ஐயாவின்ர வைக்கல் போரில விழுந்துது.

ஐயா இந்திய அகதி முகாமில இருந்து திரும்பி வந்தவர். மூண்டு மாடு. மழை வருமட்டும் அதுகளுக்கு அந்தப் போர்தான் சாப்பாடு. புகையைக் கண்டு ஓடி வந்தார். ரெண்டு பேருமா வாய்க்கால் தண்ணியை வாளி வாளியா ஊத்தினம். ஒரு பிடி மிஞ்சேல்லை.

"என்ன தம்பி இது, பேய்க்காத்தோ?"

நான் வடிவா விளங்கப்படுத்தினன். சூடு, காத்து, சுழற்சி, இதெல்லாம் இயற்கை, ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது எண்டு. கையால சுழட்டியும் காட்டினன்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரி," எண்டார். "நான்தான் போரை வரம்போட வைச்சிருக்கக்கூடாது."

பிறகு, இன்னும் அங்க முகாமில இருக்கிற தன்ர அக்காவுக்குக் காட்ட வீடியோவைக் கேட்டார். நான் கொளுத்துற முன்பகுதியை வெட்டிப்போட்டு வட்ஸ்அப்பில அனுப்பினன். வெட்டின துண்டை அழிக்கவும் மனம் வரேல்லை, பாக்கவும் ஏலாமக் கிடக்கு.

கொஞ்சக் கிழமை போச்சு. நேற்று மாடுகளோட வந்து வரம்பில நிண்டார். அதுகளின்ர விலா எலும்பை எண்ணலாம். கருகின கட்டையில ஏதும் துளிர்த்திருந்தா மேய விடட்டோ எண்டு என்னட்டக் கேட்டார். அப்பாவும் பக்கத்தில நிண்டவர். உண்மையைச் சொல்லுறதெண்டா அதுதான் இடம்.

"ஓம் ஐயா, விடுங்கோ," எண்டன், ஏதோ பெரிய உபகாரம் செய்யிறவன் மாதிரி.

மனிசன் ரெண்டு தரம் நன்றி சொன்னார்.