கட்டிலில் கூடிய மந்திரிசபை

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். "மிஸ்டர் ஸெனோன் தந்திருக்கும் ஒரே நம்பர் உங்களுடையதுதான். அவர் சாப்பிட மறுக்கிறார். கொஞ்சம் வர முடியுமா?"

ஸெனோன், லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். போலந்துக்காரர். தொண்ணூறை நெருங்குகிறவர். மனைவி பிள்ளைகள் கிடையாது. கவிஞர். போதாக்குறைக்கு — சிரிக்காதீர்கள் — மந்திரி!

இரண்டாம் உலகப் போரில் அவருடைய நாட்டை அந்நியன் பிடித்துக்கொண்டபோது லண்டனுக்குத் தப்பி வந்தவர்கள் இங்கே ஒரு அரசாங்கம் நடத்தினார்கள். ஜனாதிபதி, பிரதமர், மந்திரிசபை எல்லாம் உண்டு. நாடு மட்டும்தான் இல்லை. உலகம் முதலில் ஒப்புக்கொண்டது, பிறகு கைகழுவிவிட்டது. அதற்காக விட்டார்களா? ஸெனோன் கிழமை நாட்களில் ஒரு ஹோட்டலில் வெள்ளிக் கரண்டி துலக்கினார். சனிக்கிழமை பின்னேரம் கோட்டு மாட்டிக்கொண்டு கல்வி மந்திரி ஆனார். ஒரு பள்ளிக்கூடம்கூடக் கையில் இல்லாத கல்வி மந்திரி.

மிச்ச நேரமெல்லாம் கவிதை. "படிக்க வேண்டியவனுக்குப் புத்தகம் கிடைக்காது. புத்தகம் கிடைப்பவனுக்கு மொழி தெரியாது" என்று ஒருமுறை என்னிடம் சலித்துக்கொண்டார். லண்டனில் உட்கார்ந்து தமிழ் எழுதுகிறவன் இதற்கு என்ன ஆறுதல் சொல்வது? எனக்கும் அதே வியாதிதான் என்றேன்.

ஐம்பது வருஷம் கழித்து ஒருநாள் நாடு விடுதலையானது. அரசாங்கத்தைக் கலைத்தார்கள். நீங்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்டேன். போருக்குப் பின் எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டதில் அவருடைய ஊர் பக்கத்து நாட்டுக்குள் போய்விட்டதாம். "நாடு கிடைத்துவிட்டது. என் ஊர் அதற்குள் இல்லை." சொல்லிவிட்டு அவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது கட்டிலில். ஸ்ட்ரோக் வந்ததில் ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. ஆயுளில் பெரும்பகுதி பேசிய பாஷை — துடைத்து எடுத்தாற்போல! போலிஷ் மட்டும் மிச்சம். கிட்டே போகிறவர்களிடமெல்லாம் ஒரே வசனத்தைக் கத்துகிறார். கரண்டி வந்தால் தட்டிவிடுகிறார்.

டொக்டர் நேரடியாகச் சொன்னார். "இப்படியே இருந்தால் மூக்கு வழியாக டியூப் போட வேண்டும். அதைப் பிடுங்குவார். பிடுங்கினால் கையில் உறை மாட்டவேண்டி வரும்." கவிதை எழுதிய கை... நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. "இஞ்சேருங்கோ, மனுசன் பசியிலதான் கத்துது. தன்ர ஊர்ச் சாப்பாடு கேக்குதாக்கும். நான் செய்து தாறன்."

"பீட்ரூட் சூப் வைக்க உமக்குத் தெரியுமே?"

"போலிஷ் கடைக்காரியைக் கேட்டால் சொல்லுவாள். பெரிய வித்தையே அது?"

எங்கள் சனத்துக்கு உலகத்தின் சகல துன்பத்துக்கும் ஒரே மருந்துதானே! நோயாளியைப் பார்க்கப் போனால் அடுக்குச் சட்டியில் சாப்பாடு. செத்த வீட்டுக்குப் போனாலும் அடுக்குச் சட்டி. அடுத்த நாள் சூப்போடு போனோம். அவர் தட்டிவிட்ட வேகத்தில் அவ்வளவும் மனைவியின் வெள்ளை ஸ்வெட்டரில். "ஒரு துளி மிளகாய்த்தூளும் போடேல்லையப்பா..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் பாத்ரூமுக்கு டைல்ஸ் பதிக்கிற மாரெக் போலந்துப் பையன் ஆயிற்றே! மறுநாள் வேலையை நிறுத்தி, மனைவியோடு அவனையும் காரில் ஏற்றினேன். வழியில் ஸெனோனின் கதையைச் சொன்னேன். "லண்டனில் எங்கள் அரசாங்கமா? எப்போது?" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வாயை மூடினேன்.

மாரெக் கட்டில் பக்கம் குனிந்தான். அவர் கத்தினார். அவன் ஏதோ கேட்டான். அவர் சத்தத்தைக் குறைத்துப் பேசினார். மாரெக் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"கூட்டம் இன்னும் முடியவில்லையாம். முடியுமுன் யாரும் சாப்பிடக் கூடாதாம்."

மந்திரிசபையின் சட்டமாம் அது. அந்தக் காலத்தில் பலர் பசியோடுதான் கூட்டத்துக்கு வருவார்களாம். மேசையில் கேக்கைக் கண்டால் எதற்கும் அவசரப்பட்டுக் கை தூக்கிவிடுவார்கள் என்று, கூட்டம் முடியும்வரை தேநீர்கூடக் கிடையாதாம்.

"ஐயோ, சாப்பிடு சாப்பிடு எண்டு அந்தாளை வதைச்சுப் போட்டமே" என்றாள் மனைவி.

ஒரு தீர்மானம் பாக்கியாம். ஓட்டுப் போட ஆட்கள் போதாதாம். அதுதான் மனிதர் கத்தியதெல்லாம்.

"என்ன தீர்மானம்?" என்று கேட்டேன்.

மாரெக் அவரிடம் கேட்டான். பதில் வந்ததும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "ஊருக்குத் திரும்புவது."

"நடத்தடா தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. சிமெந்துத் தூசி படிந்த ஜாக்கெட்டின் பொத்தான்களைப் பூட்டினான். நிமிர்ந்து நின்று போலிஷில் உரக்க ஏதோ சொன்னான். எல்லோரும் வந்துவிட்டார்கள், கூட்டம் ஆரம்பம் என்று அர்த்தமாம். பிறகு எங்களுக்கு ஆங்கிலத்தில்: "ஊருக்குத் திரும்புவதை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்."

தானே முதலில் உயர்த்தினான். நான் உயர்த்தினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உயர்த்தினாள். கஞ்சிக் கோப்பையோடு நின்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் கரண்டியோடு கையைத் தூக்கினாள். எதற்கு என்று பக்கத்துக் கட்டில் சோமாலியாக்காரர் கேட்டார். "வீட்டுக்குப் போக" என்றாள் நர்ஸ். ட்ரிப் ஏறுகிற கையை அவரும் தூக்கினார்.

ஸெனோன் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். கடைசியாகத் தன் கையையும் கொஞ்சம் உயர்த்தினார். ஒரு சொல் சொன்னார். "நிறைவேறியது" என்றான் மாரெக்.

அவர் வாயைத் திறந்தார். நர்ஸ் கஞ்சியை ஊட்டினாள். ஒரு சிறு பிள்ளைபோல முழுவதையும் குடித்தார்.

சனிக்கிழமை காலை உயிர் பிரிந்தது. டியூப் இல்லை. கையில் உறை இல்லை.

மாரெக் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போவேன் போவேன் என்கிறான், வேலை விடுவதில்லை. நர்ஸுக்குப் பிள்ளைகளின் படிப்பு முடிய வேண்டும். எங்கள் ஊரில் ஷெல் விழுகிறது. சோமாலியாக்காரரிடம் நான் கேட்கவேயில்லை.

ஏகமனதாகத்தான் தீர்மானித்தோம். புறப்பட்டவர் அவர் ஒருவர்தான்.