கஞ்சி காயும்வரை

கஞ்சி காய்ந்தபோது என் மகள் கவிதாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினோம்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நெசவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவு நூலை விடிந்ததும் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போடுவோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அன்று கொதித்த கஞ்சியை ஆறுவதற்காக வாசற்படி ஓரம் வைத்திருந்தோம். நான் பாவின் ஒரு முனையில் நின்றிருந்தேன். இரண்டு வயதுக் கவிதா பாத்திரத்துக்குள் வலக்கையை விட்டுவிட்டாள்.

ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். என் ஓரகத்தி தடுத்தார்.

“தண்ணி ஊத்தாதம்மா, கொப்புளம் வந்துரும். கஞ்சி குளிர்ச்சிதானே? அப்படியே வுடு, காஞ்சதும் தானா உதிர்ந்துடும்.”

“ஸ்கூல்ல தண்ணிதான் ஊத்தச் சொன்னாங்கக்கா.”

“ஆமா, உங்க டீச்சரு தினம் கஞ்சி காச்சுனாங்களா?”

அவர் குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் கையில் தெறிக்கும் கஞ்சி காய்ந்து உதிர்வதை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குடத்தை இறக்கி வைத்தேன்.

மருத்துவமனையில் சலைன் (உப்புநீர்) விட்டு ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. வீங்கிய மணிக்கட்டிலிருந்து வளையலை வெட்டி எடுத்தார்கள்.

“கொதிக்கிற தண்ணின்னா வழிஞ்சு போயிடும்மா. கஞ்சி ஒட்டிக்கிட்டுச் சுட்டுக்கிட்டே இருக்கும். உடனே இருபது நிமிஷம் பச்சைத் தண்ணி ஊத்தியிருக்கணும்” என்றார் டாக்டர்.

“இப்ப ஊத்தலாமா, டாக்டர்?”

அவர் நர்ஸிடம் கட்டுத்துணி கேட்டார்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் குழாயைத் திறந்துவிடுங்கள். பனிக்கட்டி, மை, பற்பசை எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையலைக் கழற்றுங்கள். சுட்ட இடத்தைச் சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். யார் தடுத்தாலும் சரி.

புண் ஆறியது. நிம்மதி என்று நினைத்த நேரத்தில் கான்ட்ராக்சர் (தழும்பு சுருங்கித் தோலை இழுத்துக்கொள்வது) தொடங்கியது. கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கை நோக்கி மடங்கின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஸ்பிளின்ட் (விரல்களை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கு) கட்டினார்கள். வீட்டில் தினமும் அந்த விரல்களை நான் பிடித்து விரிக்க வேண்டும்.

“அழுதுக்கினே இருக்குதும்மா. இன்னிக்கு ஒரு நாள் வுடேன்” என்பார் என் கணவர்.

நான் விடவில்லை. இருந்தும் மோதிர விரல் பாதிதான் நிமிர்ந்தது. சுண்டுவிரல் நிமிரவே இல்லை. இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். கவிதா இப்போது இடக்கையால் சாப்பிடுகிறாள். யாராவது திருத்தினால் என்னைப் பார்க்கிறாள்.

என் கை இப்போது எதைத் தொட்டாலும் முதலில் சூட்டைத்தான் பார்க்கிறது. இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத ஒருநாள் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, குழாயடியில் வலக்கையை நீட்டினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. அது யாருடைய கை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போதும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

பாதி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.