சுற்றிப் போகிற மனுஷன்

அவர் எனக்காகத் தினமும் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்த கோபத்தில் எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியின் பெயரைக்கூடத் தப்பாகக் கூப்பிட்டேன்.

மும்பைப் பக்கம் வாஷியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை எனக்கு. கீழே இருக்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை அவருக்கு. விவாகரத்து முடிந்து இரண்டு வருஷம் கழித்து, நாற்பதை எட்டப்போகிற வயதில், ஒரு ஆள் எதிரே வந்தால் சேலை மடிப்பைச் சரிசெய்யத் தோன்றுவது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. நான்கு மாதமாகச் சாயங்காலம் ஒரே ரயிலில் வந்தோம். ரயில்தான் ஒன்று. நான் பெண்கள் ஏறும் லேடீஸ் டப்பா, அவர் ஜெனரல் பெட்டி. குர்லாவில் அவர் இறங்கி என் ஜன்னலைத் தாண்டிப் போவார். நான் கையாட்டுவேன். வண்டி கிளம்பிவிடும். இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி நான் தாராவிக்குப் போவேன். அவ்வளவுதான் எங்கள் காதல்.

அவர் வீடு டோம்பிவிலியில். அதே ஊர்க்காரியான எங்கள் நர்ஸ்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வாஷியிலிருந்து டோம்பிவிலிக்கு எல்லோரும் தானே ஸ்டேஷன் வழியாகத்தான் போவோம், சாயங்காலக் குர்லா கூட்டத்தில் எந்தப் பைத்தியம் போய் நசுங்கும் என்று சிரித்தாள்.

வேறொருத்திக்கு இது இனித்திருக்கும். எனக்கோ, இதற்குப் பதிலாக என்ன கேட்பார் என்றுதான் புத்தி ஓடியது. பதினோரு வருஷக் கல்யாணத்தில் என் புருஷன் சும்மா எதையும் செய்ததில்லை. ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தால், மறுநாளிலிருந்து அவன் அம்மா வீட்டில் ஒரு வாரம் நான் பாத்திரம் தேய்க்க வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கித் தந்ததை மூன்று மாதம் சொல்லிக் காட்டினான். அந்த வீட்டில் வாயைத் திறக்குமுன் மூன்று தடவை யோசிக்க வேண்டும். யோசிக்காத நாளில் தட்டு பறக்கும். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த யோசனைப் பழக்கத்தை மட்டும் அந்தப் படுபாவி என் தலைக்குள்ளேயே விட்டுவிட்டான்.

போதாததற்கு என் அக்கா. அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். காலையில் டிபன் கட்டும்போதே ஆரம்பித்துவிடுவாள். "ஏட்டி, அவிய என்ன சொல்லுதாவ? எப்பம் பேசி முடிக்கப் போறிய? இப்படியே ரயில்ல கைய ஆட்டி ஆட்டிக் கெழவியாயிருவியா?"

அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். இனிமேல் என் ரயிலில் வராதீர்கள் என்று சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது, நிம்மதி.

வாஷி பிளாட்பாரத்தில் அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"தானே வழியா போக வேண்டிய ஆளு, எதுக்குக் குர்லாவுக்கு வாரீங்க?"

முழித்தார். "தெரிஞ்சு போச்சா."

"எங்கிட்ட என்ன எதிர்பாக்கீங்க? இப்பமே சொல்லிருங்க. பின்னால சொல்லிக் காட்டுற கதையெல்லாம் எனக்கு ஆகாது."

"குர்லால நீங்க கையாட்டுவீங்கல்லா," என்றார். "அதுக்குத்தான்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் டோம்பிவிலி ஃபாஸ்ட் வண்டியப் பிடிச்சு, வாசல்ல தொங்கிக்கிட்டே வீட்டுக்குப் போவேன்."

கேலி இல்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னார். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் ஏறியது. சண்டைக்கு ஒரு நுனிகூடக் கொடுக்காத மனுஷனிடம் எதைப் பிடித்து இழுப்பது? வராதீங்க என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் நாளைக்குக் குர்லாவில் என் ஜன்னல் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற அந்தப் பழைய புருஷன் விரலைக்கூட அசைக்காமல் இதையும் என்னிடமிருந்து பறித்துக்கொள்வான்.

வண்டி வந்தது. லேடீஸ் டப்பாவுக்குப் போகாமல் அவர் பின்னாலேயே ஜெனரலில் ஏறினேன். செம்பூர் வரும்போது மூச்சு விட இடமில்லை. என் நெற்றி அவர் தோளில் முட்டிக்கொண்டே இருந்தது.

"இடிக்குதா?" என்று கேட்டார்.

"இடிக்கட்டும்," என்றேன். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

குர்லாவில் கூட்டம் அவரோடு சேர்த்து என்னையும் தள்ளி இறக்கியது. திரும்ப ஏற நேரம் இருந்தது. ஏறவில்லை. டீ ஸ்டாலில் நிற்கும்போது அக்காவின் போன் வந்தது. எங்க நிக்க, யாரோட நிக்க, என்ன பேசி முடிச்சிய என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள்.

"ஒண்ணும் முடிக்கல. டீ குடிக்கோம். ஆறிப் போவுது, போன வையி," என்றேன்.