ஃபரீத் நானாவின் பஸ்ஸில் ஏறியவர்கள்

ஃபரீத் நானா காலமான செய்திக்கு நான் முதன்முதலில் காட்டிய மரியாதை, ஒரு பெருவிரல். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் உள்ள அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டதால் இனி மறைத்தும் பயனில்லை.

கண்டி டவுனில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் வாளி ஒன்றைத் திறந்துகொண்டிருந்தேன். கண்ணாடி எங்கேயோ கிடந்தது. சொந்தமாகக் கொமிக்ஸ் வரைந்து கொன்வென்ஷன் என்ற கொமிக்ஸ் கண்காட்சியில் மேசை போட்டு விற்பவர்களின் குழு அது. மங்கலாக 'ஃபரீத் நானா' என்ற பெயர் மட்டும் தெரிந்தது. மனுஷருக்கு இந்த வருடமும் மேசை கிடைத்துவிட்டது என்று நினைத்து, சந்தோஷத்தில் பெருவிரல் படத்தை அமுக்கிவிட்டேன். உடனே மகள் தர்ஷினி அழைத்தாள்.

"அப்பா, என்னாப்பா செஞ்சி வச்சிருக்கீங்க? மொதல்ல அத அழிங்க! நானா மவுத்தாயிட்டாராம்ப்பா."

வாளியை மூடினேன். அதற்குப் பிறகு அன்று எந்த வாளியையும் திறக்கவில்லை.

நானாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்; நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். அவர் அக்குறணையில் திரைச்சீலைத் துணிக் கடை வைத்திருந்தவர். மனைவி காலமாகி வெகு நாளாகிறது. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் துணி அளக்கும் மேசையில் குனிந்து படம் வரைவார். நானோ ஓ லெவல் பரீட்சையில் கணக்கு, ஆங்கிலம், சித்திரம் மூன்றிலும் கோட்டை விட்டவன். எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது என் மகளின் கொமிக்ஸ்தான்.

கண்டியில் ஒரு மண்டபத்தில் அந்தக் கொன்வென்ஷன் நடந்தபோது, ஒரு மேசையை இரண்டு பேர் பங்குபோட வேண்டும் என்றார்கள். மகளோடு பங்காளியாக வந்திருந்த பெயர், ஃபரீத். யாரோ இளம் பெடியன் என்று முடிவுகட்டினேன். நாள் முழுக்க அவன் பக்கத்தில் என் பிள்ளை தனியாக இருப்பதா? கடைக்கு லீவு போட்டேன். இருப்பதிலேயே விறைப்பான சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தையும் அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே வெள்ளைத் தொப்பி போட்ட, அறுபதைத் தொடும் ஒரு மனிதர் முழந்தாளிட்டு, மேசையைச் சுற்றிப் பூப்போட்ட திரைச்சீலையைச் சுருக்கு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க தம்பி. ஏன் இப்பிடி பொலிஸ்காரன் மாதிரி நிக்கிறீங்க? அந்த மூலையக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க."

இழுத்துப் பிடித்தேன். அன்றிலிருந்து அந்த மூலை என் பொறுப்பானது.

"மகள், ஒங்கட பொத்தகத்த முன்னுக்கு வைங்க. என்ட வயசாளிப் பொத்தகம் பின்னால ஈக்கட்டும்," என்று தர்ஷினியிடம் சொன்னார். பிறகு தன் பார்சலைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய கதை பேச்சே இல்லாத கதை. பக்கத்துக்கு ஒரு படம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் கடைசி பஸ். ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கட்டுகஸ்தோட்டையில் கொஞ்சம் பேர், அக்குறணையில் கொஞ்சம் பேர், அலவத்துகொடயில் கொஞ்சம் பேர் என்று இறங்கிக்கொண்டே போக, முடிவில் டிரைவர் ஒருவரே வெற்று பஸ்ஸில் லைட்டை அணைக்கிறார். டிரைவரின் தலையில் நானாவின் தொப்பி. கடைசியாக இறங்குபவன் பெட்டி தூக்கிய ஓர் இளைஞன். பெட்டியின் கைபிடியில் அடையாளத்துக்குத் திரைச்சீலைத் துண்டொன்று கட்டியிருக்கிறது. "இவர்தான் என்ட மூத்தவர்," என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

அவர் புத்தகத்தை அச்சிடக் கொடுத்த அச்சகம் அவருடைய ஊரிலேயே இருக்கிறது. மதரஸாப் பிள்ளைகளுக்கான அரபுப் புத்தகங்கள் கட்டிக் கட்டிக் கைபழகிய இடம். பழக்கதோஷத்தில் இதற்கும் அரபுப் புத்தகத்தைப் போலவே, நாம் பின்னட்டை என்று சொல்லும் பக்கத்தில் தலைப்பைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். தலைப்பைப் பார்த்துத் திறந்தால் கதையின் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும்.

"எல்லாத்தையும் மூடுங்க தம்பி. நான் வீட்டுக்குப் போறேன்," என்றார் நானா. அவ்வளவு களைத்த குரலை நான் யாரிடமும் கேட்டதில்லை.

மூட விடாமல் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றது. நீலத் தலைமுடி, அட்டையில் செய்த வாள் என்று கொமிக்ஸ் வேஷம். சிங்களப் பிள்ளை. ஜப்பான் கொமிக்ஸ் வலப்பக்கத்தால்தான் திறக்குமாம். இதுவும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டு, நின்றபடியே புரட்டியது. இருட்டில் வெற்று பஸ். ஒரு மனிதர் லைட்டைப் போடுகிறார். பெட்டியோடு ஓர் இளைஞன் ஏறுகிறான். பிறகு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்கள் ஏற ஏற, கண்டிக்கு வரும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பிள்ளை வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தது.

"ஆனா மாமா, பஸ் ரிவர்ஸ்ல போற மாதிரி இருக்கே?" என்று சிங்களத்தில் கேட்டது.

"இந்த ரோட்டு டிரைவர்மாரத் தெரியாதா மகள்? எப்பிடியும் ஓட்டுவாங்க," என்றார் நானா, அதே சிங்களத்தில்.

அது புத்தகத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு அவர் இன்னொரு புத்தகத்தை எடுத்துத் தலைப்புப் பக்கத்தால் புரட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் ஒவ்வொருத்தரா எறக்கி வுட்டேன் தம்பி. அந்தப் புள்ள எல்லாரையும் ஏத்திட்டுப் போகுது."

அடுத்த பதிப்பைக் கொடுக்க அச்சகத்துக்கு அவர் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அச்சகக்காரர் வெட்கப்பட்டுப்போயிருந்தார். "இந்த முற சரியாக் கட்டித் தாறேன் நானா, அல்லாவுக்காக மன்னிச்சிக்கொங்க," என்றார்.

"வாணாம், பிழையாவே கட்டுங்க."

"எனத்த நானா, என்ட தொழில கேலி பண்றீங்களா?"

அந்த மனிதரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை வற்றிப்போனது.

போன வருடக் கொன்வென்ஷனுக்கு வந்தபோது நானா பாதியாகியிருந்தார். சிறுநீரகம். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் மீதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த களைப்பிலும் கழிகிறது என்றார். திரைச்சீலையை நானே கட்டினேன். சுருக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"பெயின்ட்காரன் கட்டின மாதிரித்தான் ஈக்கி," என்று கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்.

ஊருக்கு வந்து திரும்பும் ஒருவர் கையில், டோஹாவில் இருக்கும் மூத்த மகனுக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு மகன் என்ன சொல்வாரோ என்பதுதான் அவருடைய எண்ணமெல்லாம். அன்று முழுக்கப் போனை முகம் மேலே தெரிய வைத்துக்கொண்டிருந்தார். விற்ற புத்தகங்களைக்கூடக் கவனிக்கவில்லை. மகன் அழைத்தார், மருந்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். புத்தகத்தைப் பற்றிப் பேச்சில்லை.

"படம் வெளங்கல்லயோ மகள்?" என்று தர்ஷினியிடம் கேட்டார்.

"அதெல்லாம் வெளங்கும் நானா. வேலை கூடவா இருக்கும்," என்றாள் அவள். மேசையை மடிக்கும்போது மட்டும் நானா வழக்கம்போல, பஸ்ஸைப் புறப்படச் சொல்லும் கொண்டக்டரைப் போல மேசையைத் தட்டி, "போவோம், ரைட்," என்றார். குரல் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

நான் அந்தப் பெருவிரலை உயர்த்திய அன்றைக்கே பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். மூத்த மகனால் அதற்குள் வந்து சேர முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நானும் தர்ஷினியும் நானாவின் வீட்டுக்குப் போனோம். டோஹாவிலிருந்து வந்திருந்த மூத்த மகன் எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். தூங்காத கண். மூலையில் இன்னும் திறக்காத பெட்டி. அதன் கைபிடியில், நிறம் போன அதே பூப்போட்ட திரைச்சீலைத் துண்டு.

நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் கைப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

"இத வாப்பா எனக்கு அனுப்பினாங்க அங்கிள். அட்டையப் பிழையாப் போட்டீக்கிறாங்கன்னு நெனச்சி, சரியான பக்கத்தாலதான் தொறந்து பாத்தேன். எல்லாரும் எறங்குறாங்க. கடைசியா வாப்பாவத் தனிய வுட்டுட்டு எறங்கிப் போறது நான். அந்தப் பெட்டியப் பாத்தாலே தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "என்னக் குத்திக் காட்டத்தான் அனுப்பினாங்கன்னு நெனச்சேன். அதனால அதப் பத்தி ஒண்ணுமே கேக்கல்ல."

நான் கைக்குட்டையைத் தேடினேன். நல்லவேளை, என் மகள் என்னைப் போலில்லை.

"இல்ல அண்ணே," என்றாள். "அட்ட பிழையில்ல. நானாதான் அப்பிடிக் கேட்டுக் கட்டுனாரு. தலைப்பு இருக்கிற பக்கத்தால தொறங்க."

அவர் புத்தகத்தைத் திருப்பினார். இருட்டு. வெற்று பஸ்ஸில் தொப்பி போட்ட ஒருவர் லைட்டைப் போடுகிறார். அடுத்த பக்கத்தில் பெட்டியோடு ஓர் இளைஞன் படியில் கால் வைக்கிறான். அந்தப் பக்கத்தை விட்டு அவர் விரல் நகரவில்லை. உள்ளே யாரோ தேத்தண்ணிக் கோப்பைகளை வைக்கும் சத்தம் கேட்டது. கனநேரம் கழித்துத்தான் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அலவத்துகொட வந்தது. அக்குறணை வந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்காதது போல, நான் பெட்டியில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் அங்கே போனேன். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினோம். வாசலில் அந்த மகனின் கையைப் பிடித்தபோது, நெஞ்சுக்குள் நின்ற வார்த்தை அவருக்கானதுகூட அல்ல. அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை:

நானா, மூத்தவர் ஏறிட்டாரு. போவோம், ரைட்.